அரசியல் என்றாலே ஏன் முட்டிக்கொள்கிறோம்?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் ஒரு வரைபடம் வந்தது. இரண்டே இரண்டு பட்டைகள். முந்தைய ஆட்சியில் வளர்ச்சி இவ்வளவு, இந்த ஆட்சியில் இவ்வளவு. இரண்டாவது பட்டை முதலாவதைப் போல மூன்று மடங்கு உயரம். அனுப்பியவர் மாமா, அம்மாவின் தம்பி. அப்பா அடுத்த நிமிடமே "இதெல்லாம் உருட்டு மாப்ளே" என்று போட்டார். "நல்லது எது நடந்தாலும் உங்களுக்கு உருட்டுதான் அத்தான்" என்று மாமா. அதற்கப்புறம் இருவரும் மாறி மாறித் தட்டிக்கொண்டே இருந்தார்கள், நடுவில் அம்மா அனுப்பிய ஒரு குழந்தைப் படத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை, இரவு பதினொன்றரைக்கு மாமா குழுவை விட்டு வெளியேறினார் என்று சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு வரி வந்து நின்றது.

இந்த மாமாதான், அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது ஒன்பது இரவுகள் மருத்துவமனை வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தவர். அந்த ஒன்பது இரவுகளை இரண்டு பட்டைகள் எப்படித் தோற்கடித்தன? இத்தனைக்கும் அந்த ஆட்சியில் இவருக்கும் பங்கில்லை, அவருக்கும் பங்கில்லை.

பொதுவாக இதற்கு ஒரு பதில் சொல்வார்கள்: கருத்து வேறுபாடு. எனக்கு இந்தப் பதில் போதவில்லை. கருத்து வேறுபாடு எதில்தான் இல்லை? எந்த நடிகர் பெரியவர் என்பதில் இருக்கிறது, பிள்ளையை எப்படி வளர்ப்பது என்பதில் இருக்கிறது. அதற்கெல்லாம் யாரும் குழுவை விட்டுப் போவதில்லை. (சரி, நடிகர் விஷயத்தில் போவார்கள். அதற்கும் இதே காரணம்தான், பின்னால் வருகிறேன்.)

முதலில் அரசியல் என்பது மற்ற பேச்சுகளிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று பார்த்துவிடலாம். எனக்குப் பிடித்த படத்தை நான் பார்க்கலாம், உங்களுக்குப் பிடித்ததை நீங்கள் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யத் தேவையில்லை. ஆனால் வரி இரண்டு விதமாக இருக்க முடியாது. சட்டம் எனக்கொன்று உங்களுக்கொன்று என்று இருக்க முடியாது. அரசியல் என்பது எல்லோருக்கும் சேர்த்து ஒரே முடிவு எடுக்கிற வேலை, அந்த முடிவுக்குப் பின்னால் போலீசும் நீதிமன்றமும் நிற்கின்றன, தோற்றவரும் ஜெயித்தவரின் முடிவுக்குக் கீழேதான் வாழ்ந்தாக வேண்டும். அதனால் சண்டைக்குக் கொஞ்சம் நியாயமான காரணம் அடிப்படையிலேயே இருக்கிறது. ஒருவருடைய நிலமோ வேலையோ உரிமையோ ஒரு சட்டத்தால் பறிபோகும் என்றால் அவர் சத்தம் போடுவதை 'அரசியல் பிரிக்கிறது' என்று சொல்வது அபத்தம். அவரிடம் போய் இரு பக்கமும் பார்க்கணும் என்று உபதேசம் செய்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

ஆனால் அப்பா, மாமா விஷயம் அதுவல்ல. இருவருக்கும் ஒரே மாதிரி ஓய்வூதியம், ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி கவலைகள். கொள்கையாக உட்கார்ந்து எழுதச் சொன்னால் பத்துக்கு எட்டு ஒன்றாகவே இருக்கும். அப்படியென்றால் இது வேறு எங்கிருந்தோ வருகிறது.

அதைத் தேடினவர்களில் ஒருவர் ஹென்றி தாஜ்ஃபெல். போலந்தில் பிறந்த யூதர், இரண்டாம் உலகப்போரில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஜெர்மானியரிடம் போர்க்கைதியாகச் சிக்கியவர், போர் முடிந்து திரும்பியபோது குடும்பத்தில் கிட்டத்தட்ட யாருமே மிஞ்சவில்லை. மனிதர்கள் 'நாம்', 'அவர்கள்' என்று பிரிவதற்குக் குறைந்தபட்சம் என்ன தேவை என்கிற கேள்வி அவருக்கு வெறும் பாடப்புத்தகக் கேள்வியாக இருந்திருக்க முடியாது. பிற்பாடு இங்கிலாந்தின் பிரிஸ்டலில் உளவியல் பேராசிரியராக இருந்தபோது பள்ளி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார், 1970இல் அது வெளியானது. பையன்களுக்கு பால் கிளே, காண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்பது. பிறகு, உனக்கு பால் கிளே பிடித்திருக்கிறது, நீ இந்தக் குழு, உனக்கு காண்டின்ஸ்கி, நீ அந்தக் குழு என்று சொல்வது. உண்மையில் பையன்கள் எதைச் சொன்னாலும் பிரித்தது குலுக்கல் முறையில். அதிலும் தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்றுகூட யாருக்கும் தெரியாது. பழைய பகை கிடையாது, பேச்சுவார்த்தை கிடையாது, முகம்கூடக் கிடையாது.

இப்போது மற்ற பையன்களுக்குப் பணத்தைப் பங்கிட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். பங்கிடுகிறவனுக்கு அதில் ஒரு காசும் வராது. ஒரு அட்டவணையில் ஒரு முனையில் நம் ஆளுக்கு 19, அந்தப் பக்கத்து ஆளுக்கு 25. மறுமுனையில் நம் ஆளுக்கு 7, அவனுக்கு 1. நடுவில் இருவருக்கும் 13. நம் ஆளுக்கு நல்லது செய்வதுதான் நோக்கம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 19ஐத் தொட வேண்டும், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பையன்கள் அந்த முனைக்குப் போகாமல், நம் ஆளுக்குக் குறைந்தாலும் பரவாயில்லை, அவனைவிடக் கூடுதலாக இருக்கட்டும் என்கிற பக்கமாகவே சாய்ந்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். எனக்கு லாபம் வேண்டும் என்பது பேராசை, அது புரிகிறது. அவனைவிட நாம் மேலே இருக்க வேண்டும், அதற்காக நம் லாபம் குறைந்தாலும் சரி என்பது வேறு சரக்கு. அரசியல் பேச்சில் அடிக்கடி பார்க்கிறோம்: தன் கட்சி என்ன செய்தது என்று சொல்லச் சொன்னால் தடுமாறுகிற ஆள், எதிர்க்கட்சி தோற்றதை மட்டும் பட்டாசு வெடித்துக் கொண்டாடுவார். நடிகர் சண்டையும் இதே சரக்குதான். படம் ஓடினால் ரசிகருக்கு ஒரு பைசா வராது, மற்றவர் படம் ஊற்றிக்கொண்டால் இவருக்கு அன்று தூக்கம் நன்றாக வரும்.

விளையாட்டு அணி அரசியல் கட்சியாவது இன்று நேற்று நடக்கிற கதையும் இல்லை. கான்ஸ்டாண்டிநோபிள் நகரத்தில் (இன்றைய இஸ்தான்புல்) அந்தக் காலத்தில் தேர்ப் பந்தயம் நடக்கும். ஓட்டுநர்கள் அணிந்த நிறத்தை வைத்து நீலம், பச்சை என்று ரசிகர் கூட்டங்கள். நாளடைவில் அந்தக் கூட்டங்களே நகரத்தின் அரசியல் அணிகளாகிவிட்டன, பேரரசர் ஜஸ்டினியனே நீல அணிக்காரர். அந்தக் காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் புரோகோபியஸ் இதைப் பார்த்து நொந்துபோய் எழுதியிருக்கிறார்: காரணமே இல்லாத பகை, சொந்தம் பார்ப்பதில்லை, நட்பு பார்ப்பதில்லை, உடன்பிறந்தவர்களே ஆளுக்கொரு நிறமாகப் பிரிந்து நிற்கிறார்கள் என்று. கி.பி. 532 ஜனவரியில் இரண்டு அணிகளும் அபூர்வமாக ஒன்று சேர்ந்து அரசருக்கு எதிராகக் கிளம்பின. நகரத்தில் பெரும்பகுதி எரிந்தது, பந்தய மைதானத்துக்குள் படை புகுந்து வெட்டியதில் சுமார் 30,000 பேர் செத்ததாக அவரே கணக்குச் சொல்கிறார். தொடங்கியது என்னவோ சட்டையின் நிறத்தில்.

அணி என்று ஒன்று வந்துவிட்டால் கண் பார்ப்பதே மாறிவிடுகிறது. 1951இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மத் என்ற இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஒரு கால்பந்தாட்டம் (அவர்களுடைய முட்டுமோதல் கால்பந்து) முரட்டுத்தனமாக முடிந்தது, ஒருவருக்கு மூக்கு உடைந்தது, இன்னொருவருக்குக் கால். ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃப், ஹேட்லி கேன்ட்ரில் என்ற இருவர் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரண்டு பக்க மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்த தவறுகள் என்று டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். இரண்டு கூட்டமும் பார்த்தது ஒரே படம். யாரும் பொய் சொல்லவில்லை, அதுதான் விஷயம். எதிரில் இருப்பவன் பொய் சொல்கிறான் என்று நினைத்துத்தான் நமக்குக் கோபம் தலைக்கேறுகிறது. அவன் கண்ணுக்கு நிஜமாகவே அப்படித்தான் தெரிகிறது.

இன்னும் ஒரு படி போகலாம். நமக்குக் கொள்கை இருக்கிறது, அதற்கேற்ற கட்சியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். ஜெஃப்ரி கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தலைகீழாக்கிவிட்டது. ஏழைகளுக்கான அரசு உதவித் திட்டம் ஒன்றை மாணவர்களிடம் கொடுத்தார். சிலருக்குத் தாராளமான திட்டம், சிலருக்குக் கறாரான திட்டம். கட்சிப் பெயர் இல்லாதபோது தாராளவாதிகள் தாராளமானதையும் பழமைவாதிகள் கறாரானதையும் விரும்பினார்கள், எதிர்பார்த்தபடியே. ஆனால் 'இதை உங்கள் கட்சி ஆதரிக்கிறது' என்ற ஒரு வரி சேர்ந்ததும் திட்டத்தில் என்ன இருக்கிறது என்பதே கிட்டத்தட்டப் பொருட்டில்லாமல் போனது. தாராளவாதி கறாரான திட்டத்துக்குத் தலையாட்டினார், பழமைவாதி தாராளமானதுக்கு. முட்டுக் கொடுப்பது என்று இணையத்தில் சொல்கிறோமே, அதன் ஆய்வக வடிவம் இது. இதில் வேடிக்கை, கேட்டபோது எல்லோரும் 'நான் திட்டத்தைப் படித்துத்தான் முடிவு செய்தேன், எதிர்த் தரப்புதான் கட்சியைப் பார்த்து ஆடும்' என்ற மாதிரியே சொன்னார்கள்.

நன்றாகப் படித்தவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள் இப்படி இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் டான் கஹான் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஒரு சின்ன எண் அட்டவணையைக் கொடுத்து முடிவு சொல்லச் சொன்னார்கள். தோல் வியாதிக்கான களிம்பு வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி என்றபோது, கணக்கில் கெட்டிக்காரர்கள் சரியாகச் சொன்னார்கள், கட்சி வித்தியாசம் தெரியவில்லை. அதே எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, துப்பாக்கித் தடையால் குற்றம் குறைந்ததா என்று கேள்வியை மட்டும் மாற்றியதும் ஆட்டம் மாறியது. தன் தரப்புக்குச் சாதகமான விடை வந்தால் சரியாகப் போட்டார்கள், பாதகமாக வந்தால் தவறவிட்டார்கள், கணக்கில் கெட்டிக்காரர்களிடம் இந்த இடைவெளி இன்னும் பெரிதாக இருந்தது. மூளை நீதிபதியாக உட்காரும் என்று பார்த்தால் வக்கீலாக உட்கார்ந்துவிடுகிறது. கெட்டிக்கார மூளை என்றால் கெட்டிக்கார வக்கீல், அவ்வளவுதான்.

மாமாவின் வரைபடத்துக்கு வருகிறேன். அதில் என்ன கோளாறு என்று எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. இடப்பக்க அளவுகோல் பூஜ்யத்தில் தொடங்கவில்லை, 4இல் தொடங்கியது. ஒன்று 4.2, இன்னொன்று 4.6. நாலுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டிவிட்டதால் புள்ளி இரண்டும் புள்ளி ஆறும் மட்டும் மிஞ்சி மூன்று மடங்கு உயரமாகத் தெரிந்தது. ஏதோ பெரிய துப்புத் துலக்கிய பெருமையில் இதை அப்பாவுக்குத் தனியாக எழுதி அனுப்பினேன், எரிகிற நெருப்பில் என் பங்குக்கு எண்ணெய். அப்புறம் ஒருநாள் பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தபோது, அதற்கு இரண்டு மாதம் முன்பு நானே நாலு குழுக்களுக்கு அனுப்பியிருந்த ஒரு வரைபடம் கண்ணில் பட்டது. அது எனக்குப் பிடித்த தரப்புக்கு ஆதரவானது. அதன் அளவுகோல் 60இல் தொடங்கியது. அனுப்பிய அன்றைக்கு என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை, அந்தப் பட்டைகளின் உயரம் மட்டும்தான் தெரிந்தது, மனசு குளிர்ந்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். என் முயலின் கால்களை நான் எண்ணவே இல்லை.

சரி, மனித சுபாவம் எப்போதும் இப்படித்தான் என்றால், சில காலங்களில், சில நாடுகளில் மட்டும் பிளவு ஏன் இவ்வளவு ஆழமாகிறது?

ஒரு காரணம், அடையாளங்கள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக்கொள்வது. ஒரே கட்சிக்குள் பல மதத்தவர், பல தொழில்காரர்கள், நகரத்தார், கிராமத்தார் எல்லோரும் கலந்து கிடந்தால், எதிர்க்கட்சியிலும் என் தொழில்காரன் ஒருவன் இருப்பான், என் தெருக்காரன் ஒருவன் இருப்பான், ஒரேயடியாக வெறுக்க முடியாது. மதம், இனம், படிப்பு, வசிக்கும் இடம் எல்லாம் ஒரே கோட்டில் பிரிந்து கட்சியோடு ஒட்டிக்கொண்டால், தேர்தலில் தோற்பது கட்சி மட்டுமல்ல, என் மொத்த ஆளும் தோற்றமாதிரி ஆகிவிடுகிறது. அமெரிக்காவில் கடந்த அரை நூற்றாண்டில் இதுதான் நடந்தது என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். அங்கே 1960இல், உங்கள் பிள்ளை எதிர்க்கட்சிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டால் வருத்தப்படுவீர்களா என்று கேட்டதற்கு ஆமாம் என்றவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான். 2010இல் ஏறக்குறைய அதே கேள்விக்கு ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒருவரும் குடியரசுக் கட்சியினரில் பாதிப் பேரும் ஆமாம் என்றார்கள். இத்தனைக்கும் இந்த எண்களை ஒப்பிட்டு ஷாந்தோ ஐயங்கார் என்ற ஆய்வாளரும் சகாக்களும் செய்த அதே ஆய்வு, இந்த வெறுப்புக்கும் கொள்கை வேறுபாட்டுக்கும் பெரிய தொடர்பில்லை என்று காட்டுகிறது. கொள்கை பிரிந்ததைவிட மனசு அதிகமாகப் பிரிந்திருக்கிறது.

விலகி வாழ ஆரம்பித்ததும் எதிரில் இருப்பவர் யார் என்பதே மறந்துபோகிறது. 2018இல் வந்த ஒரு ஆய்வில், குடியரசுக் கட்சியினரில் ஆண்டுக்கு 2,50,000 டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் எத்தனை சதவீதம் என்று மக்களிடம் கேட்டார்கள். சராசரி பதில் 38. உண்மை 2. அதாவது பணக்காரக் கட்சி என்று மனசுக்குள் ஒரு கார்ட்டூன் வரைந்து வைத்துக்கொண்டு அதோடு சண்டை போடுகிறோம். ஜனநாயகக் கட்சியினரைப் பற்றிய கார்ட்டூனும் இதே லட்சணம்தான்.

இன்னொரு காரணம் தேர்தல் முறை. ஒரே ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினவர் மொத்தத் தொகுதியையும் எடுத்துக்கொள்கிற முறையில் களம் இரண்டு பெரிய அணிகளாகச் சுருங்கும் என்று பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் துவெர்ஜே 1950களிலேயே சொன்னார் (விதிவிலக்குகள் நிறைய உண்டு). இரண்டே அணி என்றால் அவன் இறங்கினால் நான் ஏறுவேன், நல்லது செய்து ஓட்டு வாங்குவதைவிட அவனைப் பூச்சாண்டி காட்டுவது மலிவு. நெதர்லாந்தில் நாடாளுமன்றக் கீழவையின் 150 இடங்களைக் கட்சிகள் வாங்கிய வாக்கு விகிதப்படி பிரிக்கிறார்கள், இந்த முறை வந்ததிலிருந்து எந்தக் கட்சிக்கும் அங்கே தனிப் பெரும்பான்மை கிடைத்ததில்லை. நேற்று திட்டியவனோடு இன்று கூட்டணி பேசியாக வேண்டும், ஆகவே வாயைக் கொஞ்சம் அடக்கித்தான் பேச வேண்டியிருக்கிறது. அங்கே பிளவே இல்லை என்று சொல்ல வரவில்லை.

அப்புறம் சமூக ஊடகம். எல்லாப் பழியையும் இதன் தலையில் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது, எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை, கான்ஸ்டாண்டிநோபிளில் ட்விட்டர் கிடையாது. ஆனால் ஊதிவிடுகிறது என்பது நிஜம். 5 லட்சத்துக்கு மேற்பட்ட ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வந்த ஒரு ஆய்வு, அறமும் உணர்ச்சியும் கலந்து தொனிக்கிற ஒவ்வொரு சொல் கூடும்போதும் பதிவு பரவுவது சுமார் 20 சதவீதம் கூடுகிறது என்று கண்டது. நிதானமாக எழுதினவனின் பதிவு கீழே கிடக்கும், வெட்கக்கேடு, துரோகம் என்று எழுதினவனுடையது ஊர் சுற்றும். அந்தப் பக்கத்துக் கருத்தையும் கேட்டால் சரியாகிவிடும் என்பதும் அவ்வளவு எளிதல்ல. ஒரு மாதம் காசு கொடுத்து எதிர்த்தரப்புப் பதிவுகளைப் படிக்க வைத்துப் பார்த்த 2018 ஆய்வில், குடியரசுக் கட்சியினர் தங்கள் நிலைப்பாட்டில் இன்னும் இறுகிப்போனார்கள், ஜனநாயகக் கட்சியினரிடம் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. எதிரியின் குரலைக் காதில் திணித்தால் காது இன்னும் இறுக மூடிக்கொள்கிறது போல.

கொஞ்சமாவது வேலை செய்கிறது என்று எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டேவிட் ப்ரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டது. அமெரிக்காவின் மயாமியில் பிரசாரகர்கள் வீடு வீடாகப் போய்த் திருநர்கள் உரிமை பற்றிப் பேசினார்கள். புள்ளிவிவரம் அடுக்கவில்லை, வாதாடவில்லை. நீங்கள் வித்தியாசமானவர் என்று யாராவது உங்களைத் தள்ளிவைத்த அனுபவம் உண்டா என்ற மாதிரி கேட்டுவிட்டு, வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுமார் 10 நிமிடம். அந்தப் பேச்சின் பாதிப்பு மூன்று மாதம் கழித்தும் இருந்தது. எல்லோரும் மாறிவிடவில்லை, ஒரு சிறு பகுதிதான், ஆனால் விளம்பரத்துக்குக் கோடி கோடியாகக் கொட்டியும் நடக்காதது அது.

இதைப் படித்த தெம்பில் மாமாவுக்கு ஒருநாள் போன் போட்டேன். வரைபடத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. "மாமா, நீங்க எப்போலேர்ந்து இந்தக் கட்சி?" என்று மட்டும் கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார். அவருக்கு அரசு வேலைத் தேர்வு எழுதும் வயது தாண்டிப்போய், வீட்டில் எல்லோரும் கைவிட்டிருந்த நேரத்தில், அந்தக் கட்சி ஆட்சியில்தான் வயது வரம்பை ஏற்றினார்களாம், அந்த ஒரே வாய்ப்பில் எழுதித்தான் உள்ளே போனாராம். அந்த அறிவிப்பு வந்த செய்தித்தாளை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்கு இது தெரியாது, அப்பாவுக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். நான் ஓட்டை மாற்றிக்கொள்ளப் போவதில்லை, அவரும் மாட்டார். போனை வைப்பதற்கு முன்னால், "சரி சரி, என்னை அந்த குரூப்ல திரும்பச் சேர்த்துவிடு" என்றார். சேர்க்கப் போகும்போது அடுத்த செய்தி வந்தது: "ஆனா அந்த கிராஃபுக்கு உங்கப்பா இன்னும் பதில் சொல்லலை."